கீமோவுக்கு நடுவே ஒகேனக்கல் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

பாலக்கோடு பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் தம்பிக்கு வணக்கம். நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவிக்கு 33 வயது. மார்பகத்தில் புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷனுக்கு முன்பே பெங்களூரில் கீமோ தொடங்கிவிட்டார்கள். 21 நாளுக்கு ஒருமுறை சிவப்பு மருந்து, மொத்தம் 4. அதில் 2 முடிந்தது, மூன்றாவது ஜூலை 21 திங்கட்கிழமை. அதன் பிறகு வாரம் ஒன்றாக வேறொரு மருந்து 12 முறை, அப்புறம் ஆபரேஷன். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போய் மீன் வறுவல் சாப்பிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. போன வாரம் நீங்கள் இருவரும் வண்டியில் போய் டீக்கடையில் நின்று சிரித்துப் பேசியதைப் பார்த்த சொந்தக்காரர் ஒருவர், "பொண்டாட்டிக்கு இப்படி ஒரு நோவ வெச்சிக்கிட்டு ஊரு சுத்தறான் பாரு" என்று உங்கள் வீட்டிலேயே வந்து சொல்லியிருக்கிறார். அம்மா உங்கள் இருவரையும் தனித்தனியாகப் படுக்கச் சொல்கிறார். இப்படியெல்லாம் சந்தோஷமாக இருந்தால் சிகிச்சை கெட்டுப்போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கேள்விக்கு அடியில் வேறொன்று கிடப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இந்த ஏழெட்டு மாதத்தை வாழ்ந்து கழிக்கலாமா, இல்லை பல்லைக் கடித்துக்கொண்டு கழித்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் வாழத் தொடங்க வேண்டுமா என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். வாழுங்கள் தம்பி. இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. எந்த நாளில் எதைச் செய்யலாம் என்பதற்கு மட்டும் ஒரு கணக்கு உண்டு. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

நான் டாக்டர் இல்லை, நர்ஸ். பெங்களூரில் புற்றுநோய்ப் பிரிவில் கீமோ ஏற்றும் டே கேர் வார்டில் 22 வருடம் வேலை பார்த்தேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிறேன். உங்கள் மனைவியின் ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை. அவருக்கு இருதயம், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று வேறு ஏதாவது இருந்தால் நான் சொல்வதில் சில மாறும். அவருடைய டாக்டர் ஒன்று சொல்லி நான் வேறொன்று சொன்னால், டாக்டர் பேச்சைக் கேளுங்கள்.

கணக்குக்கு வருகிறேன். 21 நாள் இடைவெளியில் போடும் சிவப்பு மருந்துக்கு மூன்று வாரமும் மூன்று விதமாக இருக்கும். ஊசி போட்ட நாளிலிருந்து நாலைந்து நாள் குமட்டல், களைப்பு, வாயில் இரும்பை வைத்தது போன்ற ருசி. ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை ஆள் பார்க்கத் தெளிந்துவிடுவார், எழுந்து நடமாடுவார். ஆனால் அந்த நாட்களில்தான் தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் ஆகக் குறைவாக இருக்கும். தெம்பு வந்துவிட்டது என்று கல்யாணத்துக்கும் சந்தைக்கும் கிளம்புவது பெரும்பாலும் இந்த வாரத்தில்தான், தொற்று வருவதும் இந்த வாரத்தில்தான். கீமோவுக்கு மறுநாள் அணுக்கள் கூடுவதற்கென்று தனி ஊசி போட்டிருந்தால் இந்தப் பள்ளத்தின் ஆழமும் நாட்களும் குறையும், ஆனாலும் பள்ளம் பள்ளம்தான். பதினைந்தாம் நாளுக்கு மேல் அணுக்கள் ஏறிவிடும், நாக்கில் ருசி திரும்பும், தூக்கம் சீராகும். அடுத்த ஊசி வரைக்கும் உள்ள அந்த ஏழு நாளும் உங்களுடையது. வீட்டில் ஒரு தினக்காலண்டர் இருக்குமே, அதில் இந்த ஏழு நாளுக்கும் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். இது எல்லோருக்கும் அச்சாக இப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன், ஒருவருக்கொருவர் இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே ஆகும். இரண்டு சுற்று முடிந்துவிட்டதால், அவருக்கு எது நல்ல நாள் என்பது உங்களுக்கே கொஞ்சம் பிடிபட்டிருக்கும்.

வேலையில் சேர்ந்த புதிதில் நான் இந்தக் கணக்கையெல்லாம் யாருக்கும் சொன்னதில்லை. "வெளிய போகாதீங்க, யாரையும் பார்க்காதீங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். அப்படிச் சொல்வதுதான் பாதுகாப்பு என்று நம்பினேன். பர்கூர் பக்கத்து அம்மா ஒருவர் மாங்காய் பறிப்பு நடக்கும்போது ஒரு நாள் தோப்புக்குப் போய் நிழலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டார். அவரும் வீட்டுக்காரரும் சேர்ந்து வைத்த மரங்கள். நான் வேண்டாம் என்றேன். என் பேச்சைக் கேட்டு அந்த ஆள் மனைவியை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அடுத்த வருடப் பறிப்புக்கு அந்த அம்மா இல்லை. அன்று அவர் கேட்டது மூன்றாவது வாரத்தில். ரத்தப் பரிசோதனையும் நன்றாகவே இருந்தது. ஒரு மணி நேரம் போய் வருவதில் எந்தக் கெடுதலும் வந்திருக்காது. மாங்காய் லாரிகள் கிருஷ்ணகிரி ரோட்டில் வரிசை கட்டும் மாதத்தில் எனக்கு அவர் ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

அதே நேரத்தில் இதன் எதிர்ப்பக்கத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கீமோ எடுத்துக்கொள்பவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அது அவசரம். ராத்திரி இரண்டு மணியானாலும், மறுநாள் பொங்கலானாலும் உடனே கிளம்ப வேண்டும். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பதுதான் இதில் வைத்திருக்கும் இலக்கு. ஊத்தங்கரைப் பக்கம் ஒரு பெண்ணுக்கு இரண்டாவது வாரத்தில் சாயங்காலமே குளிர் நடுக்கம் வந்திருக்கிறது. பாராசிட்டமால் கொடுத்திருக்கிறார்கள், காய்ச்சல் இறங்கியிருக்கிறது, சரியாகிவிட்டது என்று தூங்கிவிட்டார்கள். உள்ளே தொற்று ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. பத்து நாள் ஐசியூவில் கிடந்து பிழைத்தார். அதனால் தெர்மாமீட்டரில் பார்க்காமல் அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். காய்ச்சலே இல்லாமல் உடம்பு தூக்கிப்போடும்படி குளிர் நடுங்கினாலும் காய்ச்சலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் வரை ஓட வேண்டாம், பக்கத்தில் 24 மணி நேரமும் டாக்டர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்களுக்கு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 108-ஐக் கூப்பிடும்போதும் சரி, அங்கே வாசலில் நுழையும்போதும் சரி, முதலில் உங்கள் வாயில் வர வேண்டிய வார்த்தை "கீமோ எடுத்தவங்க, இது இத்தனாவது நாள்" என்பதுதான். சிகிச்சை ஃபைலை எப்போதும் ஒரு பையில் போட்டு ஆணியில் மாட்டி வையுங்கள். இந்த ஒன்றில் நீங்கள் கண்டிப்பாக இருந்தால் மற்ற எல்லாவற்றிலும் தளர்வாக இருக்கலாம்.

இனி சாப்பாடு. இதில்தான் சொந்தபந்தம் எல்லாம் ஆளுக்கொரு பட்டியல் கொண்டுவரும். நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். நன்றாக வெந்த சாப்பாடு, அன்று செய்ததை அன்றே சாப்பிடுவது, காய்ச்சி ஆறிய தண்ணீர், காய்ச்சிய பால், கழுவித் தோல் உரித்த பழம், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. இவ்வளவு போதும். இதற்கு மேல் பச்சைக் காய் பழம் எதையுமே தொடக்கூடாது என்று பட்டினி போடும் பத்தியத்தால் தொற்று குறைந்ததாக ஆராய்ச்சிகளில் தெரியவில்லை. சூடான ராகிக் களியும் கீரைக் கடைசலும் தாராளமாகச் சாப்பிடலாம். ராத்திரியே கரைத்து வைத்துப் புளித்த கூழும் பழைய சோறும் மட்டும் இரண்டாவது வாரத்தில் வேண்டாம். ரோட்டோரத்தில் நறுக்கி வைத்த பழம், ஐஸ் போட்ட கரும்புச் சாறு, பானிபூரி இதெல்லாம் சிகிச்சை முடியும் வரைக்கும் வேண்டாம். சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வளரும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அவருக்குச் சர்க்கரை நோய் இல்லையென்றால், நல்ல நாளில் பிடித்த இனிப்பு ஒன்றைச் சாப்பிடுவதை அதற்காக நிறுத்தாதீர்கள்.

அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த மண் இது, அதனால் நெல்லிக்காயைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. காயாக ஒன்று இரண்டு சாப்பிடுவது சாப்பாடு, அதில் தவறில்லை. அதையே சாறாகப் பிழிந்து டம்ளர் டம்ளராகக் குடிப்பது, பொடி, மாத்திரை, லட்சுமி தரு இலைக் கஷாயம், முள் சீத்தா இலை, பப்பாளி இலைச் சாறு என்று இறங்குவது வேறு. இவை கட்டியைக் கரைக்கும் என்பதற்கு மனிதர்களிடம் செய்து பார்த்த நம்பகமான சான்று இல்லை. கீமோ மருந்தைக் கழிக்கும் வேலையை ஈரல்தான் பெரும்பாலும் செய்கிறது. அதே நேரத்தில் கஷாயத்தின் சுமையையும் அதன் மேல் ஏற்றினால் சிலருக்கு ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு ஏறி, அடுத்த கீமோ தள்ளிப்போனதை நான் வார்டிலேயே பார்த்திருக்கிறேன். அது கஷாயத்தாலேயேதான் என்று ஒவ்வொருவர் விஷயத்திலும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கொடுக்க நினைத்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் நிறையப் பேருக்குத் தெரியாது. கீமோ அன்றைக்கு அவருக்கு மிகவும் பிடித்த பண்டத்தைக் கொடுக்காதீர்கள். குமட்டலோடு சாப்பிட்ட பண்டத்தை உடம்பு எதிரியாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். காவேரிப்பட்டணத்து நிப்பட்டு என்றால் உயிரை விடும் ஒரு பெண்ணுக்கு, அவர் வீட்டுக்காரர் ஆசையாக ஒவ்வொரு கீமோவுக்கும் அதை வாங்கி வந்து கொடுத்தார். சிகிச்சை எல்லாம் முடிந்த பிறகும் அந்தப் பெண்ணால் நிப்பட்டு வாசனையைத் தாங்க முடியவில்லை. அதனால் அன்றைக்கு ரசம் சாதம், ரஸ்க், இட்லி என்று ஏதாவது பட்டும் படாமலும் கொடுங்கள். பிடித்ததை எல்லாம் மூன்றாவது வாரத்துக்கு எடுத்து வையுங்கள். குமட்டும் நாட்களில் தாளிக்கும் வாசனையே ஆகாது. அவர் வெளித் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது தாளியுங்கள், சாப்பாட்டை ஆறவைத்துக் கொடுங்கள், ஆறினால் வாசனை அடங்கும்.

படுக்கையைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்கள். தயங்க வேண்டாம், வார்டில் ஆண்கள் என்னிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் போன கேள்வி இதுதான். புற்றுநோய் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும், முத்தம் கொடுத்தாலும் வராது. அம்மா எதை நினைத்துப் பயப்படுகிறாரோ அது நடக்காது என்று நான் உறுதியாகச் சொல்கிறேன். கவனிக்க வேண்டியது மருந்தைத்தான். ஊசி போட்ட முதல் 48 மணி நேரம் மருந்து சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் வெளியே வரும். சிவப்பு மருந்தால் சிறுநீர் ஓரிரு நாள் சிவந்து போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள், அது ரத்தம் இல்லை. அந்த இரண்டு நாள் கழிப்பறையில் தண்ணீரை இரண்டு முறை ஊற்றுங்கள், வாந்தியைச் சுத்தம் செய்யக் கையுறை போடுங்கள், அந்தத் துணிகளைத் தனியாக அலசுங்கள். உறவு வைத்துக்கொள்வதற்கு ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதில் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வித்தியாசம் உண்டு. இரண்டு மூன்று நாள் என்பார்கள், ஒரு வாரம் என்பாரும் உண்டு. நான் ஒரு வாரம் என்றே சொல்வேன். அதற்கடுத்து வருவது அணுக்கள் குறைந்த வாரம். ஆக இதற்கும் நல்லது மூன்றாவது வாரம்தான். சிகிச்சை முடியும் வரை கர்ப்பம் தரிக்கவே கூடாது, அதனால் ஆணுறை கட்டாயம். மார்பகப் புற்றுநோய்க்காரர்களுக்குக் கர்ப்பத்தடை மாத்திரை ஆகாது. இந்த மருந்துகளால் உள்ளே வறட்சி வந்து வலிக்கும், அதற்குத் தண்ணீர் கலந்த வழுவழுப்பு ஜெல் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். பல மாதங்களுக்கு அந்த நினைப்பே வராமலும் போகலாம், அதுவும் இயல்புதான். வராதபோது அவர் உங்களுக்காக நடிக்க வேண்டிய நிலைமை வரக்கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்துப் பழகிய கைக்கு இப்போது தலையில் முடி இல்லை. பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவி விடுங்கள். வாராந்திர மருந்து தொடங்கியதும் விரல் நுனியும் பாதமும் மரத்து எரிய வாய்ப்புண்டு. இப்போதிருந்தே தினமும் பாதத்தைப் பார்த்துவந்தால் காயம் கீறல் எதுவும் கண்ணில் படாமல் போகாது.

இதுவரை சொன்னது நாள்கணக்கு. இதைவிட முக்கியமானது என்று நான் நினைப்பது வேறு. உங்கள் மாதிரி நல்ல கணவர்கள் செய்யும் ஒரு தவறு உண்டு. மனைவியின் கையிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்கள். "நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்று அடுப்பு, துடைப்பம், பணப்பை, பையனுடைய வீட்டுப்பாடம் எல்லாம் ஒரே நாளில் கைமாறிவிடும். அன்பினால்தான் செய்கிறீர்கள். ஆனால் நாள் முழுக்க ஒருவருக்குச் செய்ய ஒன்றும் இல்லையென்றால் அவர் நோயைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். எதைத் தன் கையில் வைத்துக்கொள்ள ஆசை என்று அவரிடமே கேளுங்கள். ராயக்கோட்டைப் பக்கத்தில் ஒரு அம்மா, "தக்காளிக் கூடைக் கணக்க மட்டும் நான்தான் எழுதுவேன், அத யாரும் தொடக்கூடாது" என்றார். மண்டியிலிருந்து வந்ததும் வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விலையைச் சொல்வார், இவர் எழுதுவார், இரண்டு பேரும் அன்றைய விலையைத் திட்டித் தீர்ப்பார்கள். எட்டு மாதமும் அது நடந்தது. அந்த வீட்டுக்குப் போனால் நோய் வீடு மாதிரியே இருக்காது. உங்கள் மனைவியும் தோட்டத்துக்கு வரட்டும், சாயங்கால வெயிலில் வரப்பில் நடக்கட்டும். மருந்தடித்த தோட்டத்துக்குள் இறங்க வேண்டாம், சாணிக் குப்பை அள்ள வேண்டாம், மாட்டைத் தடவிக்கொடுத்தால் வந்து கை கழுவட்டும். நடையைப் பற்றி இன்னும் உறுதியாகச் சொல்வேன். கீமோ களைப்பு நாம் உழைத்துக் களைப்பதைப் போன்றதல்ல, எவ்வளவு படுத்தாலும் தீராது. அதைக் குறைப்பதில் தினசரி நடைக்கு நல்ல சான்று இருக்கிறது. முடிந்த நாளில் 20 நிமிடம், முடியாத நாளில் வாசல் வரை. ஒன்றாக நடங்கள்.

சண்டையும் போடுங்கள். நோய் வந்த நாளிலிருந்து மனைவியிடம் குரலை உயர்த்தியதே இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அது அவருக்கும் தெரிந்திருக்கும், ஏன் என்றும் தெரிந்திருக்கும். டிவி ரிமோட்டுக்கு முன்பு எப்படிப் பிடுங்கிக்கொள்வீர்களோ அப்படியே பிடுங்கிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரி நாளையும் வீணான நாள் என்று எழுதிவிடாதீர்கள். ரயிலில் போவதாகச் சொன்னீர்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போய்வர ரயில்வே சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, கூடப்போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ராயக்கோட்டை தாண்டி ஓசூர் வரை ஜன்னல் ஓரம் அவருக்கு. மருந்து ஏறும் நேரம் முழுக்க இரண்டு பேரும் தனித்தனியாகப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களைத்தான் இப்போது அதிகம் பார்க்கிறோம். நான் வேலை பார்த்த வார்டில் ஒரு தம்பதி இருந்தார்கள், அரூர்க்காரர்கள். துண்டு ஒன்றில் பேனாவால் தாயக்கட்டம் போட்டுக் கொண்டுவருவார்கள், ஆளுக்கு நாலு புளியங்கொட்டை. மருந்து ஏறாத கையால் அந்த அக்கா கட்டையை உருட்டுவார். ஒருநாள் அவர் கணவரின் காயை வெட்டிவிட்டுப் போட்ட சத்தத்தில் டாக்டரே எட்டிப் பார்த்தார். பக்கத்துப் படுக்கைக்காரர்களும் பிறகு ஆட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

இப்போது கொஞ்சம் கடினமான இடம். சந்தோஷமாக இருந்தால் புற்றுநோய் குணமாகும் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மை என்று என்னால் சொல்ல முடியாது. மன தைரியம் கட்டியைச் சுருக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. துணை இருப்பவர்கள் சிகிச்சையைப் பாதியில் விடாமல் முடிக்கிறார்கள் என்று வெளிநாட்டு ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது, என் அனுபவமும் அதுதான். ஆனால் அது சிரிப்பின் பலனா, இல்லை மாத்திரையை ஞாபகப்படுத்தவும் காய்ச்சலுக்கு ஓடவும் ஒரு ஆள் இருந்ததன் பலனா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். நான் இதை ஏன் சொல்கிறேன் என்றால், "நீ தைரியமா இருந்தாத்தான் சரியாகும்" என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அழுகிற நாளில் நோயோடு சேர்த்துக் குற்ற உணர்வையும் அவர் சுமக்க வேண்டி வரும். சொந்தக்காரருக்கும் இதே பதில்தான். சிரிப்பதால் நோய் கூடாது. சந்தோஷத்துக்கு மருந்து வேலை எதையும் கொடுக்காதீர்கள். உங்களுக்கு ஒருவரை ஒருவர் பிடித்திருக்கிறது, அதனால் டீ குடிக்கிறீர்கள், அவ்வளவுதான். அம்மாவை மட்டும் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் நர்ஸிடம் பேசவிடுங்கள். மகன் வாயால் கேட்டால் நம்பாததை வெள்ளை உடுப்புப் போட்டவர் வாயால் கேட்டால் நம்புவார், நிறைய வீட்டில் பார்த்திருக்கிறேன்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரி கூட எழுதவில்லை. ராத்திரி தூக்கம் வருகிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், அது உங்களுக்கானாலும் அவருக்கானாலும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உங்கள் கிராமச் சுகாதார நர்ஸிடமும் சொல்லி வையுங்கள். 2021-இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கினார்கள். வீட்டுக்கே வந்து வலி குறைக்கும் சிகிச்சையும் பிசியோதெரபியும் தருவது அதில் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு கையைத் தூக்கப் பழக்கும் பயிற்சிக்கு அது உதவும்.

கடைசியாக ஒகேனக்கல். ஜூலை 21-இல் ஊசி போட்டால் ஆடிப் பதினெட்டு, அதாவது ஆகஸ்ட் 3, அவருக்குப் பதினாலாம் நாள். அணுக்கள் இன்னும் முழுசாக ஏறியிருக்காது. ஒகேனக்கல்லில் அன்றைக்கு நிற்கக்கூட இடம் இருக்காது, ஆற்றில் இறங்கும் கூட்டமும் நெரிசலுமாக இருக்கும். அன்று வேண்டாம். அவருக்கு ஏமாற்றமாக இருக்கும், அதனால் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லாமல் தேதியோடு சொல்லுங்கள். ஆகஸ்ட் 6, 7, 8 மூன்றும் வேலை நாள், கூட்டம் குறைவு. 5-ஆம் தேதி ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து, அதை டாக்டருக்கு அனுப்பிச் சரி என்று கேட்டுக்கொண்டு 7-ஆம் தேதி காலையிலேயே கிளம்புங்கள். பென்னாகரம் வழியாக மலை இறங்கும்போது வளைவுகளில் குமட்டலாம், வாந்தி மாத்திரையை முன்பே போட்டுக்கொள்ளட்டும், முன் இருக்கையில் உட்காரட்டும். கர்நாடகாவிலிருந்து தண்ணீர் அதிகம் திறந்திருந்தால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், அதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பரிசல் ஓடினால் உயிர்காக்கும் உடுப்புப் போட்டுக்கொண்டு போகலாம். அருவியிலும் ஆற்றிலும் குளிப்பது வேண்டாம், அந்தத் தண்ணீர் வாயில் போகக்கூடாது, கையில் ஊசி போட்ட இடம் நனையக்கூடாது. எண்ணெய் மசாஜும் இந்த முறை வேண்டாம். இந்த மருந்து எடுக்கும்போது வெயிலில் தோல் சீக்கிரம் கருக்கும், குடையும் பருத்தித் துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர் வீட்டிலிருந்தே. தெர்மாமீட்டரும் ஃபைலும் பையில்.

மீன் சாப்பிடலாம். மசாலா தடவித் தட்டில் அடுக்கி வைத்திருப்பதில் வேண்டாம். மீனை நீங்களே பார்த்து வாங்கி, சமைத்துக் கொடுக்கும் அக்காமாரிடம் கொடுத்து, கண்ணெதிரே எண்ணெயில் போட்டு முள்ளோடு ஒட்டிய சதை வரை வேகச் சொல்லுங்கள். சூட்டோடு சாப்பிடுங்கள், வெங்காயமும் எலுமிச்சையும் அங்கே நறுக்கி வைத்ததாக இருந்தால் தொடாதீர்கள். வாயில் புண் இருந்தால் காரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். முள்ளை நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை, அவரே எடுத்துக்கொள்வார்.